ஒயினை முகர்ந்தால் பால்ய காலம் ஏன் வந்து நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் மாதத்துக்கு ஒருமுறை கூடி, நான்கைந்து பாட்டில்களின் லேபிளை மறைத்து வைத்து, ருசி பார்த்து எழுதிக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம்.

பென்சில் சீவல், வெண்ணெய், வாழைப்பழம் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதெல்லாம் ஒயினில் நிஜமாகவே இருக்கிறதா?

பென்சிலோ வெண்ணெயோ உள்ளே இல்லை. ஆனால் அவற்றுக்கு மணம் தருகிற மூலக்கூறே பல நேரங்களில் ஒயினிலும் இருக்கிறது. வெண்ணெய் மணத்துக்குக் காரணம் டையசெட்டில். திராட்சையின் கூரான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா சற்று மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது கூடவே இதுவும் உண்டாகும். ஷார்டனே வகை வெள்ளை ஒயின்களில் எளிதாகப் பிடிபடும். வாழைப்பழ மிட்டாயின் மணம் ஐசோஅமைல் அசிடேட். மிட்டாய் செய்கிறவர் அதைப் புட்டியிலிருந்து ஊற்றுகிறார், ஒயினில் ஈஸ்ட் தானே தயாரித்துவிடுகிறது. பிரான்சின் போஜோலே நூவோ மாதிரி இளம் ஒயின்களில் இது தூக்கலாக இருக்கும்.

குடைமிளகாயை நறுக்கும்போது எழும் பச்சை வாசனைக்கு மெத்தாக்ஸிபைரசீன் என்று பெயர். கேபர்னே சோவின்யோன் திராட்சை சரியாகப் பழுக்காவிட்டால் அதிகம் தெரியும். ஒரு லிட்டரில் பத்துப் பதினைந்து நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை வருகிறதே, அதற்குக் காரணமான ரோட்டண்டோன் மிளகிலும் இருப்பதுதான். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் 2008-இல் இதை அறிவித்தார்கள். வனிலாவும் தேங்காயும் பெரும்பாலும் ஓக் பீப்பாய் கொடுக்கும் மணம். பென்சில் சீவலும் மர வாசனைக் குடும்பம்தான். பீப்பாயில் பழகிய கேபர்னேயில் பலரும் அதை எழுதுவார்கள்.

ஆகவே ஒருவர் 'வாழைப்பழம்' என்றால் அது கவிதை இல்லை. 'அந்திப் பொழுதின் சோகம்' என்றால் கவிதை.

ருசி நாக்கில்தானே தெரிகிறது? மூக்கைப் பற்றியே ஏன் பேசுகிறீர்கள்?

மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பழ மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், எந்தப் பழம் என்று தெரியாது. விரலை எடுத்ததும் 'அட, ஆரஞ்சு' என்பீர்கள். வாயின் பின்பக்கமாக ஏறி மூக்கை அடையும் மணத்தைத்தான் நாம் ருசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஒரு வாய் குடித்ததும் ஏன் சின்ன வயது ஞாபகம் வருகிறது? போன வருஷத்து ஞாபகம் வரக்கூடாதா?

இதுதான் என்னை இந்தப் பொழுதுபோக்கில் கட்டிப்போட்ட கேள்வி.

கண்ணும் காதும் தரும் செய்திகள் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. மணத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மூக்கின் கூரையிலிருந்து முகர்வு முகிழ் என்ற சிறு பகுதிக்கும், அங்கிருந்து நேரே உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் போகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் பக்கத்து வீடுதான். அதனால்தான் வாசனைக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே மனசு கலங்கிவிடுகிறது.

மணத்தை உணரும் ஏற்பிகள் மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை. அவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991-இல் வெளியிட்டார்கள், 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மூலக்கூறு ஒரே ஏற்பியை மட்டும் தட்டுவதில்லை. ஹார்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது போலத் தட்டும். எழுகிற அந்தச் சேர்க்கையை மூளை அன்றைய சூழலோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்கிறது.

முதல்முறை கட்டிய முடிச்சுக்கு பலம் அதிகம். பெரும்பாலான வாசனைகளை முதல்முறையாக நாம் சந்திப்பது பத்து வயதுக்குள். 2006-இல் ஸ்வீடனில் வில்லாண்டர், லார்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 65 வயது தாண்டியவர்களிடம் சொல், படம், வாசனை மூன்றில் ஏதாவது ஒரு வகையைக் கொடுத்து என்ன நினைவு வருகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயதுக்கு உரியவை. வாசனை கிளப்பியவை பத்து வயதுக்கு முந்தியவை.

அந்த வயதில் யாரும் ஒயின் குடித்திருக்க மாட்டோம், சரிதான். ஆனால் ஒரு கிளாஸ் ஒயினில் ஆவியாகும் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பெரிய சாவிக்கொத்தைக் கொடுத்தால் ஏதாவது ஒரு சாவி பழைய பூட்டில் பொருந்தத்தான் செய்யும்.

எத்தனை வயதிலிருந்து இந்தப் பதிவு ஆரம்பிக்கிறது?

பிறப்பதற்கு முன்பே. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழை மற்றக் குழந்தைகளைவிட முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன என்று ஜூலி மென்னெல்லாவின் குழு 2001-இல் காட்டியது. நினைவாகச் சொல்ல முடியாத வயதிலும் பழக்கமாகத் தங்கிவிடுகிறது.

இதைத்தானே ப்ரூஸ்ட் விளைவு என்கிறார்கள்?

ஆமாம். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் 1913-இல் வெளியிட்ட நாவலில், தேநீரில் நனைத்த மதலேன் கேக் ஒன்று கதைசொல்லிக்கு ஊரையே மீட்டுக் கொடுக்கும். எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் அதில் இருக்கிறது. நினைவு உடனே வருவதில்லை. முதலில் காரணம் தெரியாத சந்தோஷம் மட்டும் வருகிறது. இரண்டாவது வாய் புதிதாக எதுவும் தரவில்லை, மூன்றாவது இன்னும் குறைவு. அவர் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தனக்குள் தேடிய பிறகுதான் பிடிபடுகிறது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்து 'போய்விட்டதே' என்று தவிக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். மூக்கு சீக்கிரம் சலித்துப்போகும். கிளாஸைக் கீழே வையுங்கள்.

நினைவுக்கு வந்ததை அப்படியே சொல்லலாமா? சிரிக்க மாட்டார்களா?

என் முதல் ருசிபார்ப்பில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், பத்து வருடப் பழசு, ஒன்று வந்தது. சுற்றி இருந்தவர்கள் தேன், எலுமிச்சை, ஆப்பிள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்தது மின்சாரம் போன ஓர் இரவு. அம்மா விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார், நான் புனலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விரலெல்லாம் அந்த வாசனை, சாப்பிடும்போதும் போகவில்லை. இவ்வளவு துல்லியமாக வந்ததைப் போய் எப்படிச் சொல்வது? ஒழுங்குப் பிள்ளையாக 'எலுமிச்சை' என்று எழுதினேன். கடைசியில் நடத்தியவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்கூடவா மண்ணெண்ணெய் எழுதவில்லை?" என்று கேட்டார்.

பழகிய ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதானாம். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து, ஆண்டுகள் போகப் போக டிடிஎன் என்ற பொருள் உருவாகிறது. நல்ல வெயில் பட்ட பழமாக இருந்தால் இன்னும் அதிகம். அந்த அறையிலேயே சரியான விடை என் விரலில் இருந்தது, எழுதத்தான் தைரியம் இல்லை.

சிரிப்பார்களா என்றால், சிரிப்பார்கள். சொல்லுங்கள்.

அப்படியானால் நிபுணர்களின் சொற்பட்டியல் எதற்கு?

'எங்கள் பள்ளி நூலகத்தின் பின் அலமாரி' என்று நான் சொன்னால் அது எனக்கு மட்டும்தான் துல்லியம். உங்களுக்கு வெறும் சத்தம். இந்தச் சிக்கலுக்காகத்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபலும் சகாக்களும் 1984-இல் ஒயின் மணச் சக்கரத்தை வெளியிட்டார்கள். நடு வட்டத்தில் பழம், பூ, மரம், மண் மாதிரி பொதுச் சொற்கள், வெளியே போகப் போகக் குறிப்பான சொற்கள். 'நேர்த்தியானது' போன்ற மதிப்பீட்டுச் சொற்களுக்கு அதில் இடமில்லை. நாட்டுக்கு நாடு தெரியும் பழங்கள் மாறுவதால் அந்தச் சக்கரத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்த்தே இராத ஒரு பழத்தின் பெயரைப் பட்டியலில் இருக்கிறதே என்று எழுதுவது மாதிரி வீண்வேலை வேறில்லை.

நான் நோட்டுப் பக்கத்தை இரண்டாக மடித்துக்கொள்வேன். இடது பக்கம் நினைவு, வந்தது வந்தபடி. வலது பக்கம் மற்றவருக்குப் புரிகிற சொல். இடதை முதலில் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். வலதை முதலில் எழுதினால் இடது வராது. நூலக அலமாரியில் என்ன இருந்தது என்று யோசித்தால் பழைய தாள், தோல் அட்டை, தூசு, ஜன்னலோர மரம் என்று நான்கு சொல் கிடைக்கும். அவற்றில் இரண்டு சொல்லாவது கிளாஸில் இருக்கும்.

தமிழில் இதற்குச் சொற்கள் போதுமா?

ஓரிடத்தில் நமக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயை உலர வைத்து இழுத்துப் பிடிக்கும். உடலியல் பாடத்தில் இதைச் சுவையாக எண்ணுவதில்லை, தொடுவுணர்வில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் கணக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908-இல் ஜப்பானின் கிகுனே இகெடா அடையாளம் கண்ட உமாமி. நம் அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலியே உண்டு. புதிதாக வரும் தமிழருக்கு டானினை விளக்கி நான் கஷ்டப்பட்டதில்லை. 'துவர்க்குதே' என்று அவரே சொல்லிவிடுவார்.

மணத்துக்கும் பஞ்சமில்லை. மூக்கில் ஏறினால் நெடி. கந்தகம் தூக்கலான இளம் ஒயினில் தீக்குச்சி கிழித்த நெடி வரும். லேசாக வந்து போனால் வாடை. பச்சை மீன், முட்டை வாசனைக்குக் கவிச்சி. ஈரத்தில் கிடந்து கெட்டதற்கு மக்கல். முடை, வீச்சம், ஊசல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை இருக்கிறது. பழந்தமிழில் 'நாற்றம்' நறுமணத்தையும் குறித்தது. இன்று நண்பர் ஊற்றிய ஒயினைப் பற்றி அப்படிச் சொன்னால் நட்பு முறியும்.

வாசனைக்குச் சொல் இல்லாமல் போவது மனித மூக்கின் குறை என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். மலாய் தீபகற்பத்தின் காடுகளில் வாழும் ஜஹாய் மக்கள், நிறங்களுக்குப் பெயர் சொல்லும் அதே எளிமையில் வாசனைக்கும் சொல்வதை 2014-இல் அசிஃபா மஜீத், நிக்லஸ் புரென்ஹல்ட் இருவரும் எழுதினார்கள். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றிலும் பொதுவாக உள்ள ஒரு தன்மைக்கு அவர்கள் மொழியில் ஒற்றைச் சொல் இருக்கிறது. குறை மூக்கில் இல்லை, பேசிப் பழகாததில்.

எனக்கு மிளகு வாசனை வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. யார் சரி?

இரண்டு பேரும். ரோட்டண்டோனை ஐந்தில் ஒருவரால் அளவு கூடினாலும் உணர முடியாது. வயலட் பூவின் மணம் தரும் பீட்டா அயனோனும் அப்படியே, ஒரே ஒரு ஏற்பி மரபணுவின் வேறுபாட்டால் சிலருக்குப் பூவாகவும் சிலருக்குப் புளித்த வாடையாகவும் தெரியும். மிளகு தெரியாதவரிடம் மிளகைப் பற்றி வாதாடுவது வீண்.

சிலர் ஒரே கிளாஸில் பன்னிரண்டு வாசனைகளை அடுக்குகிறார்களே?

கலவை ஒன்றில் மூன்று நான்கு வாசனைகளுக்கு மேல் தனித்தனியாகப் பிரித்தறிய மனிதரால் முடிவதில்லை, பயிற்சி பெற்றவர்களும் இதற்கு விலக்கல்ல என்று டேவிட் லேயிங்கின் ஆய்வுகள் 1990-களில் காட்டின. பன்னிரண்டை அடுக்குகிறவர் நன்றாக எழுதுகிறார், அவ்வளவுதான். ஒரே ஒரு நினைவு, நல்ல தெளிவோடு வந்தால் போதும் என்பது என் கட்சி.

மற்றவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கும் அதே வாசனை வந்துவிடுகிறது. ஏமாறுகிறேனா?

கொஞ்சம். எல்லோருக்கும் நடப்பதுதான். பிரான்சின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களிலேயே வர்ணித்தார்கள். மோரோ, ப்ரோஷே, துபூர்தியே மூவரின் அந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. நிறமே இப்படிச் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் 'செர்ரி' என்று அழுத்திச் சொன்னால் மூக்கு என்ன செய்யும்? எங்கள் மேசையில் முதல் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதிகம் மீறுவது நான்தான் என்று ஒரு புகார் உண்டு.

கெட்டுப்போன ஒயினும் நல்ல நினைவைக் கொண்டுவருமா?

தாராளமாக. ஒருமுறை ஒரு சிவப்பு ஒயினை முகர்ந்ததும் பரண் ஞாபகம் வந்தது. மழைக்கு ஓடு ஒழுகி, அட்டைப் பெட்டிகள் நனைந்து ஊறி, அதற்குள் அக்காவின் பழைய பாடப் புத்தகங்கள். நான் அங்கே ஒளிந்து விளையாடுவேன். உருகி உருகி எழுதிக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்த நண்பர் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "தக்கை கெட்டுப்போச்சு, கொட்டிடுங்க" என்றார்.

நனைந்த அட்டை வாசனைக்குக் காரணம் டிசிஏ. தக்கையில் பூஞ்சைகளால் உண்டாகும் இந்தப் பொருளை 1981-இல் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் டானர் அடையாளம் கண்டார். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், பழ மணத்தையெல்லாம் அமுக்கிவிடும். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் கைவைத்த ஒயினில் குதிரை லாயமும், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியும் மணக்கும். சைக்கிளில் விழுந்து முட்டி பெயர்ந்த கதை உள்ளவர்கள் அதை உடனே கண்டுபிடிக்கிறார்கள். ஒயின் பழுது என்பதால் நினைவு பழுதாகிவிடாது. நண்பர் பாட்டிலைக் கொட்டினார், நான் என் கிளாஸைக் கொட்டவில்லை. குடிக்கவும் இல்லை, அந்த இரவு முழுக்க முகர்ந்துகொண்டிருந்தேன்.

வாசனை கிளப்பும் நினைவு அப்படியே உண்மையா?

உணர்ச்சி அதிகம் என்பது உண்மை. துல்லியம் அதிகம் என்பதற்கு ஆதாரமில்லை, ரேச்சல் ஹெர்ஸ் நடத்திய சோதனைகளும் இதையே சொல்கின்றன. அந்த மண்ணெண்ணெய் இரவைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "புனலைப் பிடிச்சது நீ இல்லை, உங்கக்கா" என்றார்.

எப்படி ஆரம்பிப்பது?

விளிம்பு உள்நோக்கி வளைந்த கிளாஸ் வேண்டும். மணம் மேலே தேங்கி நிற்க அந்த வளைவு. ருசிபார்ப்புக்கென்று 1977-இல் ஒரு சர்வதேசத் தரமே வகுத்திருக்கிறார்கள், அதில் ஊற்றுவது 50 மில்லி. சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். மிகக் குளிர்ந்திருந்தால் மணம் எழாது, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் ஏந்துங்கள். மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு வாசனைத் திரவியம் பூசி வராதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் ஒரு சின்ன உத்தி. 'இது என்ன வாசனை?' என்று கேட்டுக்கொள்ளாதீர்கள், மூளை பரீட்சைக்கு உட்கார்ந்ததுபோல் விறைத்துவிடும். 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று கேளுங்கள். உள்ளேயா வெளியேயா, பகலா இரவா, யார் கூட இருக்கிறார்கள், கையில் என்ன. இடம் வந்துவிட்டால் பொருள் தானாக வரும்.

நான் மது அருந்துவதில்லை. எனக்கு இதில் ஏதாவது உண்டா?

முக்கால்வாசியும் உண்டு, ஏனென்றால் வேலை முகர்வதில்தான். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்களும் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது, அதை நான் மழுப்பப் போவதில்லை. தேநீர், காப்பி, பழம், மசாலாப் பொருள், நனைந்த மண் எல்லாவற்றிலும் இதே பயிற்சி நடக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் முகரக் கொடுங்கள். ஒயினை அல்ல, மற்றதை.

வந்த நினைவு துக்கமானதாக இருந்தால்?

எழுத வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். எங்களில் ஒருவர் ரோஜா மணம் தூக்கலான ஒயின் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார், நாங்களும் கேட்பதில்லை.

வாசனை நன்றாகத் தெரிகிறது, இடம் மட்டும் பிடிபடவே இல்லை. என்ன செய்ய?

ஆய்வாளர்கள் லாலெஸ், எங்கன் இருவரும் 1977-இல் இதற்கு 'மூக்கு நுனியில் நிற்பது' என்றே பெயர் வைத்தார்கள். நாக்கு நுனியில் நிற்கும் சொல்லுக்காவது முதல் எழுத்து தெரியும், இதில் அதுவும் தெரியாது. யாராவது நான்கு பெயர்களைச் சொன்னால் சரியானதைச் சட்டென்று பொறுக்கிவிடுவீர்கள். நினைவின் இடத்துக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. சில பழைய வெள்ளை ஒயின்களில் வரும். இரும்பு மாதிரி, ஆனால் இரும்பு இல்லை. குளிர்ச்சியாக இருக்கிறது, தரை என் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, பெரியவர்கள் யாரோ மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு முறை எழுதியிருக்கிறேன், ஆறு பக்கத்திலும் வலது பாதி காலி. போன மாதம் அக்காவுக்கு அந்த கிளாஸை நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "திராட்சை வாசனைதானே?" என்றாள்.